யென்னாயர் சேவல்

தக்லித்தின் தங்கை வர்தியாவின் குழந்தை பிறந்த மறுநாளே பிரசவ விடுதியில் குளிரில் விறைத்துச் செத்தது. அங்கே கணப்புக்கு ஒரு கேஸ் சிலிண்டர்கூட இல்லை. அதற்கு மேலிடம் கண்டுபிடித்த சமாதானம், இந்த ஜனவரியைப் போல ஒரு குளிர் ஜுர்ஜுரா மலையில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பது. அதைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டு உறுதி செய்யும் வேலை, போயும் போயும், வானிலை அலுவலகத்தில் தக்லித்தின் மேசைக்கே வந்து சேர்ந்தது.

முதலில் அது உண்மைபோலத்தான் பட்டது. பழையவற்றில் மோசமானது அவள் அம்மா பிறந்த வருடத்துக் குளிர்; மாதச் சராசரியில் அதையும் இந்த ஜனவரி மிஞ்சியிருந்தது. பிறகுதான் மாதத்தின் பெயர் கண்ணில் பட்டது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் இங்கே அளவெடுத்தவர் மலைக்காரர். ஜனவரி என்று எழுதாமல் யென்னாயர் என்று எழுதியிருந்தார். அது உழவர் கணக்கு; அதன் முதல் நாளில் மலையில் வீட்டுக்கு வீடு புத்தாண்டுச் சேவல் அறுப்பார்கள். ஜனவரி பாதியை நெருங்கும்போதுதான் யென்னாயர் பிறக்கும், பிப்ரவரியில்தான் முடியும். இந்த வருடமும் அதே நாட்களை எடுத்துப் பார்த்தாள். பிப்ரவரி பிறந்ததுமே குளிர் விட்டிருந்தது; சராசரி ஏறிவிட்டது. பழைய குளிர்தான் கொடியது, சந்தேகமே இல்லை.

அதிகாரி மெஸியானிடம் போய்ச் சொன்னாள். அவரும் அதே மலையில் பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் நாற்காலி அவருக்கு எல்லாவற்றையும் மறக்கடித்திருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. ஜனவரியைத்தான் நம்ம ஜனங்க அப்படிச் சொல்றாங்க."

"அப்ப உங்க வீட்டுல யென்னாயர் சேவலை ஜனவரி ஒண்ணாந்தேதியா அறுத்தீங்க, ஐயா?"

அவர் முகம் சுண்டிப்போயிற்று. அறிக்கை காலையிலேயே போய்விட்டது என்றார், அவளைப் பார்க்காமல்.

சாயங்காலம் வானொலியும் அதையே சொன்னது. வர்தியா பால் கட்டிய மார்பைத் துணியால் இறுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை நாளில் முதல்முறையாக அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"யாருமே கண்டதில்லையாம்க்கா இந்தக் குளிரை. யாரை நோவறது?"

தக்லித் பேசாமல் இருந்திருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"கண்டிருக்காங்கடி. இதைவிட மோசமா. அம்மா பொறந்த யென்னாயர்ல."

வர்தியா மெல்ல அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நீ எப்படிம்மா பொழைச்சே?"

அம்மா விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"வீட்டுல அடுப்பு எரிஞ்சுது," என்றாள்.