டவுன்ரிகருக்கு ஒரு கை அளவு

1

இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு காட்சி. மீதி நான் கட்டியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படகு பழுதுபார்க்கும் கொட்டகை. மதியம். தாங்கியில் ஏற்றி நிறுத்திய ஃபைபர் படகு. அதன் தரையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். வலது கை பக்கவாட்டில் நீண்டு கிடந்தது. அவரைவிடப் பத்து வயது இளையவர் பக்கத்தில் குந்தி, அளவு நாடாவை இழுத்து, தோளிலிருந்து மடங்கிய விரல்வரை அளந்தார். அளவைப் பேனாவால் உள்ளங்கையில் குறித்துக்கொண்டார்.

தையல்காரர் என்று நினைத்தேன். பிறகு அவர் டிரில்லை எடுத்துப் படகு விளிம்பில் வைத்தார்.

தூங்கியவர் எழுந்தாரா என்று பார்க்க நான் நிற்கவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது. அன்றிலிருந்து வேலை ஓடவில்லை.

2

முதல் தொடக்கம்: "கடல் அன்று அமைதியாக"

விட்டுவிட்டேன். இந்தக் கதையில் கடலே வராது. படகு கொட்டகையைவிட்டு இறங்கப்போவதில்லை.

இரண்டாம் தொடக்கம்: "இரண்டு பெட்டிகள் வந்து இறங்கின. இரண்டிலும் டவுன்ரிகர்.*"

இது பரவாயில்லை.

[* தெரியாதவர்களுக்கு: ஓர் உருளை, அதில் சுற்றிய எஃகுக் கம்பி, கம்பி முனையில் ஐந்து கிலோ ஈயக் குண்டு, சுற்ற ஒரு கைப்பிடி. தூண்டில் நரம்பைக் கம்பியில் கிளிப்பால் மாட்டி, குண்டை இறக்கினால் இரை ஆழத்துக்குப் போகும். படகு மெல்ல ஓடிக்கொண்டே இருக்கும். மீன் கடித்து இழுத்தால் கிளிப் நரம்பை விட்டுவிடும். மேல் தண்ணீர் சூடாகி மீன் கீழே போய்விட்ட இடங்களில் இது இல்லாமல் கதையாகாது. என் கதையும் ஆகாது.]

3

இளையவரைத் தம்பி ஆக்கினேன். ஆக்கியதும் "அவர்" ஒட்டவில்லை. இனி அவன்.

பதினாலு வருடமாக அண்ணன் ஓட்டுகிறார். தம்பி பின்னால் கவிழ்த்த பிளாஸ்டிக் கூடைமேல் உட்கார்ந்து தூண்டில் பார்க்கிறான். பெட்டிகள் வந்த அன்று அண்ணன் சொன்னார்:

"ரெண்டையும் பின் மூலைல போட்ரு. உன் கைக்கு எட்டுற மாதிரி பாத்துக்க. நான் ஓட்டுறேன், நீ இறக்கு. என்ன?"

"சரிண்ணே."

தம்பிக்கு நகரத்தில் பம்ப் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. ஒன்றாம் தேதி சேர வேண்டும். அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னாலும் அண்ணன் கடலுக்குப் போவதை நிறுத்தமாட்டார். வேறு ஆளையும் ஏற்றமாட்டார். தனியாகப் போவார். தனியாகப் போகிறவர், ஓடும் படகில் ஸ்டியரிங்கை விட்டுப் பின் மூலைக்கு நடந்து, குனிந்து கைப்பிடி சுற்றுவார். அப்போது கால் வழுக்கிக் கடலில் விழுந்தால், படகைத் திருப்பி அவரைத் தூக்க ஆள் இல்லை.

அதனால்தான் அந்த அளவு நாடா.

வந்த அளவு அறுபத்தெட்டு. ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கிறது. அதைப் பிடித்து நிற்பவரின் வலது தோளிலிருந்து அறுபத்தெட்டு சென்டிமீட்டரில், விளிம்பின்மேல் பென்சிலால் ஒரு வட்டம் போட்டான்.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். வாயைத் திறந்து சொல்லிவிட்டால் தீர்ந்தது. எதற்கு இவ்வளவு? கோழையா? கோழை என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் அவன் விளிம்புக்கு அடியில் கை விட்டு, அலுமினியத்தில் தானே வெட்டிய அடித்தகட்டை வைத்தான். குண்டு பாறையில் சிக்கினால் படகின் மொத்த இழுப்பும் விளிம்புக்கு வரும். தகடு இல்லாவிட்டால் ஃபைபர் அப்பளமாக நொறுங்கும். கோழை இதையெல்லாம் யோசிப்பானா? யோசிப்பான். கோழைதான் யோசிப்பான். "கோழை" என்ற சொல்லை அடித்துவிட்டு, தகட்டை வைத்துக்கொண்டேன்.)

4

முதல் துளையின் சத்தத்தில் அண்ணன் எழுந்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு முகம் கழுவப் போனார். திரும்பி வருவதற்குள் தம்பி நான்கு போல்ட்டையும் இறக்கி, நட்டை முறுக்கி, கருவியை நிமிர்த்தியிருந்தான்.

அண்ணன் அண்ணியோடு வந்தார். அண்ணி கையில் சாப்பாட்டுத் தூக்கு.

"ஏன் கொழுந்தனாரே, புது கிரைண்டர் வாங்குன வீடு மாதிரி ரெண்டு பேரும் இதையே சுத்திச் சுத்தி வர்றீங்க. மாவாட்டுமா இது?"

"மீன் பிடிக்கும் அண்ணி."

"அப்ப உங்கண்ணன் என்ன பண்ணுவாரு? தூங்குவாரா?"

"இப்ப மட்டும் என்னத்த பண்றாரு."

"டேய்" என்றார் அண்ணன்.

அண்ணி வந்ததும் கதை கொஞ்சம் மூச்சு விடுகிறது. ஆனால் தம்பிக்கு வேலை கிடைத்த விஷயம் அவருக்குத் தெரியும். இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் அவரே போட்டு உடைத்துவிடுவார். தூக்கை வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பச் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்.

5

"ஏன்டா, பின் மூலைன்னுதான சொன்னேன்?"

"பின்னாடி ப்ரொப்பல்லர்ல கம்பி மாட்டும்ணே."

"குண்டு கட்டின கம்பி நேரா கீழ போவுது. ப்ரொப்பல்லர் என்ன கை நீட்டியா இழுக்கும்?"

"திருப்பும்போது மாட்டும்."

"நான்தான ஓட்டப்போறேன்? எனக்குத் திருப்பத் தெரியாதா?"

தம்பி துணியை எடுத்து, ஏற்கனவே துடைத்த இடத்தைத் துடைத்தான்.

அண்ணன் பின்னால் போய்த் தம்பியின் கூடைமேல் உட்கார்ந்தார். கையை நீட்டினார். கைப்பிடி வெகு தூரத்தில் இருந்தது.

"உனக்கு எட்டவே எட்டாதேடா."

எழுந்து ஸ்டியரிங்குக்கு வந்தார். இடது கையால் அதைப் பிடித்தார். வலது கையைப் பார்க்காமல் நீட்டினார். விரல்கள் கைப்பிடிமேல் விழுந்தன. சுற்றினார். கம்பி இறங்கி, குண்டு கொட்டகைத் தரையைத் தொட்டது. மறுபடி சுற்றி மேலே ஏற்றினார்.

6

இங்கே தம்பி பேச வேண்டும். நான் எழுதிக்கொடுத்தவை:

"அண்ணே, ஒண்ணாம் தேதிலேர்ந்து"

"நீங்க கோவப்படக்கூடாது, நான் வந்து"

"பம்ப் கம்பெனில"

எதையும் அவன் வாயில் வைக்க முடியவில்லை.

முடிவுகளும் எழுதினேன். ஒன்று: அண்ணன் கட்டிப்பிடித்து அழுகிறார். எனக்கே கூச்சமாக இருந்தது. இரண்டு: அண்ணன் ஸ்பானரை எடுத்துக் கருவியைக் கழற்றி எறிகிறார். நல்ல காட்சிதான். ஆனால் அவர் எதையும் எறிகிறவர் இல்லை. பழைய நட்டைக்கூட டப்பாவில் போட்டு வைக்கிறவர். மூன்று: அளந்தபோது அவர் தூங்கவே இல்லை. இதைப் படித்துப் பார்த்த நண்பர் "இதையே வை" என்றார். அதனாலேயே எடுத்துவிட்டேன்.

இதையெல்லாம் அடித்து முடித்தபோது, அண்ணன் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். இடது பக்க விளிம்பைப் பார்த்தார். இங்கிருந்து அது எந்தக் கைக்கும் எட்டாது. கீழே இருந்த இரண்டாவது பெட்டியைப் பார்த்தார். தம்பி அதன் மூடியைத் திறந்துவைத்திருந்தான்.

"அதை எடுக்காத. பெட்டியிலயே இருக்கட்டும்" என்றார். "ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு?"

இந்த வரியை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. எழுதியபின் வெகு நேரம் அடுத்த வரி வரவில்லை.

தம்பி கையில் டிரில்லோடு நிற்கிறான். பெட்டியை மூடினால் போகிறேன் என்று அர்த்தம். இடது விளிம்பில் டிரில்லை வைத்தால் இருக்கிறேன் என்று அர்த்தம். அண்ணன் அவன் முகத்தைப் பார்க்காமல் கைப்பிடியில் எண்ணெய் விடுகிறார். தம்பிக்கு வசதியாகத்தான். இரண்டுக்கும் ஒவ்வொரு பத்தி எழுதினேன். இரண்டுமே அவன் சார்பில் நான் சொன்ன பொய்.

நீங்கள் எழுதுங்கள். இப்படி யாரோ ஒருவர் முன்னால் நீங்களும் நின்றிருப்பீர்கள். நான் நின்றபோது ஓடிவிட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். நீளமாக எழுதாதீர்கள். அண்ணன் நீளமான பேச்சைக் கேட்கமாட்டார்.

"அண்ணே,