வீடியோ வரட்டும்

எங்கள் வீட்டில் பதினான்கு வீடியோ கசெற்றுகள் இருக்கின்றன. கல்யாணவீடு, சாமத்தியவீடு, பிறந்தநாள், கோயில் தேர் எல்லாம் உண்டு. ஒன்றிலும் என் கணவர் ஆனந்தராஜா இல்லை. நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருக்கிற கிரவீனில் எங்கள் சனத்தில் யார் வீட்டில் கொண்டாட்டம் நடந்தாலும் கமெராவைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு நிற்கிறவர் இவர்தான். "ஒருக்கா ஆரிட்டையும் குடுத்துப்போட்டு நீங்களும் வந்து நில்லுங்கோவன்" என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன். மனிசன் கேட்டால்தானே.

ஒரேயொரு தடவைதான் அவர் கமெராவுக்கு முன்னால் நின்றார். அது சினிமாக் கமெரா. தொண்ணூற்று நாலில் இங்கே ஒரு படம் எடுத்தார்கள். நாட்டுப்புற ஊர் ஒன்றில் வெள்ளைக்காரப் பெடியன்களும் இந்த நாட்டின் கறுத்த ஆதிக்குடிப் பெடியன்களும் ஒரே ரக்பி அணியில் சேர்ந்து விளையாடி வெல்கிற கதை. பார்க்க வருகிற சனத்தை நிறம் பார்த்துக் கயிறு கட்டிப் பிரித்து வைத்திருப்பார்களாம். கடைசி ஆட்டத்தில் கயிறு இருக்காது, எல்லாரும் கலந்து நின்று கைதட்டுவார்கள். கூட்டத்தில் நிற்க ஆட்கள் போதவில்லை, கறுப்பாக இருந்தால் போதும் என்று யாரோ சொல்ல, இவர் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போனார்.

"கறுப்பாப் பிறந்ததுக்கு இண்டைக்குத்தான் உங்களுக்கு ஒரு பலன்" என்று நக்கலடித்தேன்.

வெயிலில் நின்று இன்னும் கறுத்துப்போய் வந்தார். "கயிறு இல்லாத சீனிலதான் என்னை நிப்பாட்டினவை, யோகா. ரெண்டு வெள்ளையளுக்குப் பக்கத்தில" என்றார். சந்தோஷத்தில் சாப்பாடுகூட இறங்கவில்லை.

அடுத்த வருஷம் படம் பரமட்டாவுக்கு வந்தது. "போவமே?" என்று கேட்டார். இரண்டு தரம் கேட்டார். நான்தான் சொன்னேன்.

"மூண்டு செக்கன் பாக்கிறதுக்கு ஆரும் தியேட்டருக்குப் போவினமோ? வீடியோ வரட்டும். நிப்பாட்டி நிப்பாட்டிப் பாக்கலாம். சனத்தையும் கூப்பிட்டுக் காட்டலாம்."

எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வோம். எந்தப் படம் வந்தாலும் வீடியோ வரட்டும் என்போம். அவரும் சரியென்று தலையாட்டிவிட்டு விட்டுவிட்டார். தியேட்டர் ரயிலில் கொஞ்சத் தூரம்தான். படம் பல கிழமை ஓடியது. ஒக்டோபரில் வேலைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்துப் போடக் கதிரையில் இருந்தவர் நெஞ்சைப் பிடித்தார். அதோடு சரி.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவரோடு வேலை செய்த சேஷாத்ரி வந்திருந்தார். தமிழ்நாட்டுக்காரர், நல்ல மனிதர். சாப்பிட்டுக் கைகழுவும்போது, "அண்ணி, நாங்க தியேட்டர்லயே அந்தப் படத்தைப் பார்த்துட்டோம். அண்ணன் நல்லாத் தெரியுறார். கைதட்டிட்டே இப்படித் திரும்பிச் சிரிக்கிறார்" என்றார். அன்றிலிருந்து எனக்கு வேறு யோசனையே இல்லை. அவருடைய போட்டோக்கள் சுவரில் தொங்குகின்றன. ஆனால் போட்டோவில் ஆள் அசைவதில்லையே. அவர் அசைவதை ஒருதரம் பார்த்தால் போதும் என்றிருந்தது.

வீடியோ வந்த கிழமையே மகள் கலா கடையில் எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் எங்கே நிற்கிறார் என்று தெரிந்தவர் சேஷாத்ரிதான் என்பதால் அவரையும் கூப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தொடக்கத்தில் ஏதோ அறிவித்தல் ஓடியது, நான் கவனிக்கவில்லை. கயிறு வந்தது, சண்டை வந்தது, மழையில் பயிற்சி வந்தது. அவர்கள் ஒற்றுமையைக் கண்டு எனக்கு எரிச்சல்தான் வந்தது. கெதியாய் வெல்லுங்கோவன் என்றிருந்தது.

கடைசி ஆட்டம் வந்தது. கயிறு இல்லை. சேஷாத்ரி கதிரை நுனிக்கு வந்தார். "இப்ப வருவார் பாருங்க. வலது பக்கம், ஓரத்துல."

இரண்டு வெள்ளைக்காரர் நின்று கைதட்டினார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு முழங்கை தெரிந்தது. பிறகு பந்து வந்தது.

"விட்டிட்டம், திருப்பிப் போடு" என்றேன். கலா திருப்பிப் போட்டாள். நிப்பாட்டினாள். கோடு கோடாகப் படம் நடுங்கியது. முழங்கை மட்டும்தான். அதுவும் அவருடையதா என்று எனக்குத் தெரியவில்லை.

கலா கசெற்றைத் தொடக்கத்துக்கு ஓட்டி அந்த அறிவித்தலை வாசித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, தியேட்டர் ஸ்கிரீன் அகலம். ரீவி சதுரம். அதுக்குள்ள அடக்கிறதுக்கு ரெண்டு பக்கத்தையும் வெட்டியிருக்கினம்."

"சேர்ந்து நில்லுங்கோ எண்டு படம் எடுத்துப்போட்டு, ஓரத்தில நிண்ட என்ர மனிசனை வெட்டிப்போட்டாங்களோ?"

"அம்மா, ப்ளீஸ். ஒருத்தரும் வேணுமெண்டு செய்யேல்ல."

அவர்கள் வேணுமென்று செய்யவில்லை. அது எனக்கும் தெரியும். நான் அல்லவா அவரைத் தியேட்டருக்குப் போகவிடாமல் மறித்தவள். அவர் தன்னைத்தானே பார்க்காமல் போய்விட்டார். ஆனால் கோபம் மட்டும்தான் வாயால் வந்தது. சேஷாத்ரியிடம் திரும்பினேன்.

"நீங்கள் பாத்தனீங்கள்தானே. என்னமாதிரித் திரும்பினவர்?"

"இப்படி... லேசா, அண்ணி."

"எழும்பிச் செய்து காட்டுங்கோ."

கலா "அம்மா!" என்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை. ஐம்பது வயது மனிதர், தொப்பையும் கண்ணாடியுமாக ரீவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். கைதட்டினார். முகத்தைத் திருப்பிச் சிரித்தார்.

"அப்பிடியில்லை. அவர் தலையைச் சரிச்சுத்தான் திரும்புறவர்" என்றேன்.

தலையைச் சரித்துத் திரும்பினார்.

"இவ்வளவு கெதியாயில்லை."

மெதுவாகத் திரும்பினார். நெற்றி வேர்த்திருந்தது. சிரிக்க முயன்றார். "இதுதானா, அண்ணி?" என்று கேட்டார்.

"ஓம். இதுதான்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கதிரையில் இருந்தார். கலா என் கையைப் பிடித்தாள். நான் சொன்னது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. என் மனிசன் எப்படித் திரும்புவார் என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஞாபகம் வரவில்லை.