நாலாவது ஆளின் குரல்

“பி.ஏ. படிச்சிருக்கியேம்மா, இவுக பாசை தெரியுமா?” என்று மேலாளர் ஞானதுரை கேட்டார்.

தெரியாது என்றேன்.

“பெறகு என்னத்தப் படிச்ச?”

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் ஏலக்காய்க் கம்பெனி ஆபீசில் கணக்கு எழுதுகிறேன்; அப்பா போடியில் இதே முதலாளியின் கிட்டங்கியில் ஏலக்காய் மூட்டை தூக்குகிறார். ஞானதுரை நினைத்தால் நாளைக்கே இரண்டு பேருக்கும் வேலை இருக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

வந்தவர்கள் இருவர். தொலசா எத்தியோப்பியாக்காரர், ஒரோமோ இனத்தவர், அங்கே காப்பித் தோட்டங்களைக் கவனிக்கும் அதிகாரி. அவர்கள் நாட்டுக் காட்டிலும் ஒரு ஜாதி ஏலம் விளைகிறதாம். நாம் எப்படிக் காய வைக்கிறோம் என்று பார்க்க வந்திருந்தார். மிலோராத் யூகோஸ்லாவியாவிலிருந்து அங்கே போய் அவருக்குக் கீழே வேலை செய்யும் செர்பியர். மூன்று தடவை சொல்லியும் ஞானதுரைக்கு இது ஏறவில்லை. வெள்ளையாக இருப்பவர் துரை, கறுப்பாக இருப்பவர் துரையின் ஆள். ஆபீசில் ஒரே ஒரு நாற்காலிதான் போட்டார்.

இருவருக்கும் ஆங்கிலம் என்னைவிடக் குறைவு. தங்களுக்குள் அரைகுறை இத்தாலியனில் சமாளித்தார்கள். ஜீப் மலையேறும்போது நோட்டில் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் செர்பியன், அந்தப் பக்கம் ஒரோமோ என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். செர்பியனில் இரத்தத்துக்கு ‘க்ர்வ்’. நடுவில் உயிரெழுத்தே இல்லை, கல்லைக் கடிப்பது மாதிரி. ஆனால் மூன்றுக்கு ‘த்ரி’ என்றார் மிலோராத். “நம்ம திரிசூலத்துல உள்ள திரிதானே!” என்று ஞானதுரைக்கு ஒரே பெருமை. ஒரோமோக்காரர் சொன்ன ‘தொக்கோ, லமா, சதீ, அஃபுர்’ அவர் காதில் விழவேயில்லை. எனக்கு அதுதான் பிடித்தது. நம்மைப் போலவே எழுத்தை அழுத்தி இரட்டிக்கிறார்கள். நான், தண்ணீர், குடிக்கிறேன் என்று வினையைக் கடைசியில் வைக்கிறார்கள். செர்பியர்கள் முதலிலேயே குடித்துவிட்டுத்தான் தண்ணீரைச் சொல்கிறார்கள்.

ஜீப் போகாத இடத்தில் இறங்கி, ஏலக்காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். காய் பறிக்கும் மாயக்காள் முன்னால் போனாள். பகல் மூன்று மணிதான் இருக்கும். மூடுபனி இறங்கி, நீட்டிய என் கையே எனக்குத் தெரியவில்லை.

“எண்ணிக்கை சொல்லணும் தாயி,” என்றாள் மாயக்காள். “நான் ஒண்ணும்பேன். பின்னாடி வர்றவுக ஒவ்வொருத்தரா சொல்லணும். கடைசி ஆளு சொன்னப்புறந்தேன் அடுத்த இருவது எட்டு. ஒரு எண்ணம் கொறஞ்சா அத்தனை பேரும் நிக்கணும். தவறிப் போனவுக இருந்த எடத்துலயே இருந்து தன் எண்ணத்தச் சொல்லிக்கிட்டே இருக்கணும்.”

“யானை இருக்கா?”

“பேரச் சொல்லாத. பெரியவரு மூணு நாளா இங்கனதேன் மேயுறாரு.”

சைகையும் ஆங்கிலமுமாக இருவருக்கும் விளக்கினேன். அவரவர் பாஷையிலேயே சொல்லட்டும் என்று விட்டேன். மாயக்காள் ஒன்று, நான் இரண்டு, மிலோராத் த்ரி, தொலசா அஃபுர், கடைசியில் ஞானதுரை ஐந்து.

நாலைந்து சுற்று ஒழுங்காக வந்தது. அப்புறம் பின்னால் எங்கேயோ மூங்கில் முறிந்தது. படபடவென்று காலடிச் சத்தம்.

“ஒண்ணு.”

“ரெண்டு.”

“த்ரி.”

“நாலு. அஞ்சு. நடங்க, வெரசா நடங்க!”

மாயக்காள் நடந்தாள். நானும் நடந்தேன். நாலு தமிழில் வந்தது என் காதில் விழாமல் இல்லை. விழுந்தது. நின்றால் பின்னால் வருவது என்மேல் வந்துவிடும் என்று நடந்தேன். அடுத்த சுற்றிலும் நாலு தமிழில்தான் வந்தது. அப்போதும் நடந்தேன். இதை எழுதக் கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நடந்தது.

மூன்றாவது சுற்றில் என் வாயிலிருந்து ரெண்டு வரவில்லை. மாயக்காள் நின்றாள்.

“நாலு சொன்னது நீங்க. அந்த மனுசன் எங்க, சார்?” என்று ஞானதுரையிடம் கேட்டேன்.

“செடியப் பாக்க வளைவுல எறங்குனான்மா. பெரியவரு பக்கத்துலயே நின்னாரு. நான் ஓடியாந்துட்டேன். தொரைய மொதல்ல கொண்டுபோய்ச் சேப்போம். வேலக்காரன் பின்னால வந்துருவான்.”

“அவர்தான் சார் துரை!”

“கத்தாத! உங்க அப்பன் நாளைக்குக் கிட்டங்கிக்கு வரணுமா, வேணாமா?”

மாயக்காள் வந்த வழியே திரும்பினாள். நான் மிலோராத்தின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன். தனியாக நிற்கப் பயந்து ஞானதுரையும் வந்தார்.

வளைவுக்கு வந்ததும் வாடை அடித்தது. புளித்த சாணி வாடை. மூச்சு விடும் சத்தம் யாருடையது என்று தெரியவில்லை.

“அலறக்கூடாது தாயி. ஒரே சீராச் சொல்லு. சீராப் பேசுனா வெலகிப் போவாரு.”

“தொக்கோ,” என்றேன். பல் கிட்டித்துக்கொண்டு வார்த்தை உடைந்தது. “லமா. சதீ.”

பதில் இல்லை. கீழே ஒரு கிளை முறிந்தது.

“தொக்கோ. லமா. சதீ.”

“அஃபுர்.” சரிவிலிருந்து, காற்றுப் போலத்தான் வந்தது. எங்களுக்கும் அந்தக் குரலுக்கும் நடுவில் மூடுபனி அசைந்தது.

மறுபடி தொடங்கினேன். மிலோராத் சதீ என்பதை என்னோடு சேர்ந்து சொன்னார். எத்தனை தடவை சொன்னோமோ தெரியாது. காலில் அட்டை ஏறியதைக் குனிந்து பார்க்கத் துணிவில்லாமல் சொல்லிக்கொண்டே இருந்தோம். முறியும் சத்தம் மெல்லப் பள்ளத்துப் பக்கம் இறங்கியது. பிறகு புல்லைப் பற்றிக்கொண்டு தொலசா தவழ்ந்து வந்தார். முழங்கால் கிழிந்திருந்தது. மிலோராத் அவரைக் கட்டிக்கொண்டு ஏதோ சொன்னார். எந்தப் பாஷையோ.

தொலசா என்னைப் பார்த்துத் துண்டு துண்டான ஆங்கிலத்தில் கேட்டார்: நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், நீங்கள் போய்விட்டீர்கள். என் எண்ணை யார் சொன்னது?

ஞானதுரைக்கு அவ்வளவு ஆங்கிலம் புரியும். என்னையே பார்த்தார். “விழுந்துட்டாருன்னு சொல்லும்மா. உனக்கு நல்லது.”

விரலை ஞானதுரை பக்கம் நீட்டினேன். அப்புறம் தொலசாவிடம், நானும் இரண்டு சுற்று கேட்டுக்கொண்டே நடந்தேன் என்றும் சொன்னேன்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என் தோளில் கை ஊன்றி எழுந்து வரிசையில் நின்றார்.

“ஒண்ணு,” என்றாள் மாயக்காள்.

“ரெண்டு.”

“த்ரி.”

“அஃபுர்.”

ஞானதுரையின் அஞ்சு வரவில்லை.

“அய்யா, சொல்லுங்க,” என்றாள் மாயக்காள். “நீங்க சொல்லாம ஒரு எட்டு எடுத்து வைக்க மாட்டேன்.”

பள்ளத்தில் மறுபடி மூங்கில் முறிந்தது. நாங்கள் நால்வரும் அசையாமல் நின்றோம்.