அம்மாக்கண்ணுவின் ஓம்

அக்கரப்பத்தனைத் தோட்டத்தில் ஒரு வாரமாக யாழ்ப்பாணத் தமிழ் வகுப்பு நடந்தது. வாத்தியார், கொழும்பு வெள்ளவத்தைத் துணிக்கடையில் வேலை செய்யும் பிரேமினி. மாணவி, அவளைப் பெற்ற அம்மாக்கண்ணு. வரிசை வீடுகளான லயத்தை விட்டுத் தனிவீட்டுக்கு வந்தும் என்ன பயன்? வேலிக்கு அந்தப் பக்கம் ஜீவராணி இருக்கிறாளே. பாதிப் பாடம் அவளுக்கும் மனப்பாடம்.

விஷயம் கல்யாணம். பிரேமினி விரும்பிய விஜிதரன் யாழ்ப்பாணத்துப் பையன். தோட்டத்துப் பெண் என்றால் தாய் சம்மதிக்கமாட்டாள் என்று பயந்து, பிரேமினி குடும்பத்துக்குப் பூர்வீகம் யாழ்ப்பாணம், தகப்பன் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் என்று அளந்து வைத்திருந்தான். பிரேமினியும் தலையாட்டிவிட்டாள். இப்போது அந்தத் தாய் சிவமலர் பெண் பார்க்க வருகிறாள்.

"எது கேட்டாலும் ஓம்னு சொல்லும்மா."

"ஆமான்னு சொன்னா என்னாடி கொறஞ்சிரும்?"

"என் கல்யாணம் கொறஞ்சிரும்."

அப்பா அழகுமுத்துவின் நாக்கு எந்தப் பக்கமும் வளையவில்லை. பல்வலி என்று தாடையோடு மப்ளரைக் கட்டி, பிரேமினி அவரை மூலையில் உட்கார்த்தி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட புல்லில் மிதித்து மிதித்து சிவமலர் ஏறி வந்தாள். கறிவேப்பிலை கேட்கும் சாக்கில் ஜீவராணியும் வந்து கதவோரம் நின்றுகொண்டாள்.

"சரியான ஏத்தம். நல்லா இருக்கிறியளோ?"

"ஓம்," என்றாள் அம்மாக்கண்ணு.

"யாழ்ப்பாணத்தில நீங்கள் எவடம்?"

"ஓம்."

ஜீவராணி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

"கோண்டாவில், மாமி," என்று பிரேமினி பாய்ந்தாள். "ஓம், சின்னனிலேயே இஞ்ச வந்திட்டினம், ஓம்."

அப்போதுதான் சிவமலர் குனிந்து பார்த்தாள். கணுக்காலில் ரத்தம். கறுப்பாய்க் கொழுத்து ஒன்று தொங்கியது. "ஐயோ!" என்று அதைப் பிய்க்கப் போனாள்.

"புடுங்காதீங்கம்மா!" அம்மாக்கண்ணு ஒரே எட்டில் அவள் கையைப் பிடித்தாள். "அட்டைங்க அது, புடுங்குனா ரத்தம் நிக்காது! ஏ புள்ள, உப்பு எடுத்தா!"

"இந்தா வந்துட்டேம்மா! அத்தே, பயப்படாதீங்க, கால இப்பிடி நீட்டிக்கங்க!" என்று பிரேமினி உப்போடு ஓடி வந்தாள்.

உப்புப் பட்டதும் அட்டை சுருண்டு விழுந்தது. அப்போதுதான் இருவருக்கும் தங்கள் பேச்சு உறைத்தது. அம்மாக்கண்ணு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

சிவமலர் காலைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "பிள்ளை, கொழும்பில நீ கதைச்சபோதே எனக்கு ஐமிச்சம், சந்தேகம்தான். எங்கட சனம் இவ்வளவு ஓம் போடாது. இந்தப் பொய் ஆரின்ர யோசனை? என்ர மகன்ரயோ?"

பிரேமினி உப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். இல்லை என்றால் விஜிதரன் தப்பிப்பான். ஆனால் அது இன்னொரு பொய். வாழ்நாள் முழுக்க அதற்கும் வகுப்பு எடுக்க வேண்டும்.

"ஆமாங்க அத்தே," என்றாள். "ஆனா நானும் சேந்துதாங்க சொன்னேன்."

சிவமலர் முன்னால் ஆறிப்போயிருந்த தேத்தண்ணியை எடுத்து ஒரு மிடறு குடித்தாள்.

"பெத்த தாயை ஊமையாக்கி வச்சிருக்கிறியளே, ரெண்டு பேரும். முதல்ல வீட்டை போய் அவனுக்கு நல்ல ஏச்சுக் குடுக்கிறன். பேந்து கலியாணத்துக்கு நாள் பாப்பம்."

சண்டை பார்க்க வந்த ஜீவராணிக்கு முகம் தொங்கிவிட்டது. மூலையில் மப்ளர் அவிழ்ந்தது.

"பாத்துருவோங்க சம்பந்தியம்மா!"

"உங்களுக்குப் பல்லுக்குத்து எல்லோ?"

"இப்பத்தாங்க நின்னுச்சு," என்றார் அழகுமுத்து.