6114-ன் கூரைப் பொத்தான்

"ஓட்டுவதற்கு லாயக்கில்லாத வண்டி. விற்க மாட்டேன்."

"பெட்டி வைக்க இடமில்லை, பின்னால் பார்க்க முடியாது, பெட்ரோலைக் குடிக்கிறது. ஐந்து நட்சத்திரம்."

"என் மனைவி போய்விட்டாள். வண்டி இருக்கிறது. புகார் எதுவும் இல்லை."

தவளை என்று நாங்கள் கூப்பிடும் வண்டியைப் பற்றி அதை வைத்திருப்பவர்கள் எழுதிய கருத்துகள் இவை. இப்படி ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். கிடங்கில் இரவு வேலை பார்ப்பவனுக்கு அதற்கெல்லாம் நேரம் உண்டு.

உருண்டைக் கண்களும் புடைத்த தோள்களுமாக, தாத்தா காலத்து பிக்கப் மாதிரி செய்த வண்டி அது. இரண்டே சீட். பின்னால் சரக்குத் தட்டு இருக்கும், அதில் யாரும் சரக்கு ஏற்ற மாட்டோம். தகரக் கூரை மடிந்து சீட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். நான்கு வருஷம் செய்தார்கள், விற்கவில்லை, நிறுத்திவிட்டார்கள். இப்போது உதிரி பாகம் எங்கும் கிடையாது. ஒரு தவளை செத்தால்தான் மற்றவை பிழைக்கும். விபத்துச் செய்தி வந்தால் நாங்கள் முதலில் கேட்பது வண்டி நம்பரை. ஆளைப் பற்றி அப்புறம்தான்.

எங்கள் இணையப் பக்கத்தில் ஒரு விதி இருக்கிறது. செத்த வண்டியிலிருந்து பாகம் வாங்கியவர், அந்த வண்டியின் வரிசை எண்ணைப் போட்டு, பாகம் எப்படி வேலை செய்கிறது என்று எழுத வேண்டும். 6114 பெர்ச் ஏரிக்குள் போன வண்டி. லீலண்ட் என்பவர் உள்ளே இருந்தார். நான்கு மணி நேரம் கழித்து இரண்டையும் வெளியே இழுத்தார்கள். பழைய இரும்புக் கடைக்காரன் வண்டியைப் பிரித்து விற்றான். பதினொரு பேர் வாங்கினோம். ஓட்டுநர் சீட் என் நண்பன் ரூடிக்குப் போனது. கூரைப் பொத்தான் எனக்கு வந்தது.

ரூடி எழுதியது இது: "சீட் நல்ல சீட். ஆனால் தானாக மேலே ஏறுகிறது. நான் ஆறடி நான்கு அங்குலம். தலை கூரையில் இடிக்கிறது. கம்பியெல்லாம் சோதித்துவிட்டேன், ஒன்றுமில்லை."

நான் எழுதியது: "நன்றாக வேலை செய்கிறது."

அது பொய்யில்லை. ஆனால் முழுதாகவும் எழுதவில்லை. அந்தக் கூரை, வண்டியை நிறுத்தி வைக்கும் பார்க் கியரில் மட்டும்தான் அசையும். இருபத்திரண்டு விநாடி பொத்தானைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், விரலை எடுத்தால் பாதியில் நின்றுவிடும். 6114-ன் பொத்தானைப் போட்ட நாளிலிருந்து, கூரையைத் திறந்து வைத்து பார்க் கியரில் நிறுத்தினால், கொஞ்ச நேரத்தில் அது மூடிக்கொண்டது. யாரும் தொடுவதில்லை. ஒரு தடவை பெட்ரோல் பங்கில் நின்று பார்த்தேன். பொத்தான் மெல்ல உள்ளே அழுந்தி, இருபத்திரண்டு விநாடி அப்படியே இருந்து, வெளியே வந்தது. மூன்று தடவை கழற்றித் துடைத்தேன். நான்காவது தடவை விட்டுவிட்டேன். ஏன் அதை எழுதவில்லை என்று கேட்டால், எழுதினால் அது என்ன என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

மூன்று வருஷம் கழித்து லீலண்டின் மனைவி ஆர்டிஸ் எங்கள் இணையப் பக்கத்தில் வந்து எழுதினார். 6114-ன் பாகங்கள் எல்லாம் திரும்ப வேண்டும் என்றார். ஒவ்வொருவராகக் கொடுத்தார்கள். ரூடி சீட்டைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஏதோ வேன் சீட்டில் உட்கார்ந்து ஓட்டினான். மீதி நான் மட்டும்தான். பொத்தான் போனால் என் கூரை போச்சு. பதில் போடாமல் இருந்தேன்.

ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, நான் தூங்கிக்கொண்டிருந்தபோது, ஆர்டிஸ் போன் செய்தார்.

"வெண்டலா? ஒரே ஒரு கேள்வி, அப்புறம் தூங்கு. அந்தப் பொத்தான் தானா வேலை செய்யுதா?"

"ம்."

"கூரையைத் திறக்குதா, மூடுதா?"

தூக்கத்தில் இருந்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். அப்படியில்லை. அவர் குரலிலேயே எந்தப் பதில் வேண்டும் என்று இருந்தது.

"திறக்குது மேடம்," என்றேன்.

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியும்," என்றார் ஆர்டிஸ். "ஷெரிஃப் ஆபீஸ்ல என்ன சொன்னாங்க தெரியுமா? வண்டி பார்க் கியர்ல இருந்துச்சாம், கூரை மூடியிருந்துச்சாம். நிறுத்தி, கூரையை மூடிக்கிட்டு, படகு இறக்குற பாசி பிடிச்ச சரிவுல தானா சறுக்கட்டும்னு உக்காந்திருந்தாராம். நானும் லீலண்டும் முப்பத்தோரு வருஷம். ஒரு வரி எழுதி வைக்காம போற ஆளா அவன்? அவன் திறக்கத்தான் பாத்திருக்கான். பொத்தானோட சனிக்கிழமை வா. நீயே மாட்டிக் குடு."

போனை வைத்துவிட்டு ரூடியைக் கூப்பிட்டேன்.

"நீ ஏன்டா பொய் சொன்ன?" என்றான்.

"மூடுதுன்னு எப்படிடா சொல்றது? உங்க வீட்டுக்காரர் தானே மூடிக்கிட்டுச் செத்தார்னு சொல்ற மாதிரி."

"சரி விடு. ரெண்டு கம்பிய மாத்திப் போட்டா போச்சு. மூடுறது திறக்கும். அந்தம்மா நிம்மதியா தூங்கும். உனக்கும் புண்ணியம்."

"உனக்கு இப்பவாவது தலை இடிக்காம இருக்கா?"

"தலை இடிக்கல. முதுகு போச்சு. அந்த வேன் சீட்டைச் செஞ்சவன் மனுஷனே இல்ல."

சனிக்கிழமை மத்தியானம் இருவரும் போனோம். வீடு ஏரிக்கு எதிர்ப்பக்கம், பைன் மரங்களுக்கு நடுவில். கராஜ் கதவு திறந்திருந்தது. 6114 கட்டைகள் மேல் நின்றது. எஞ்சின் கிடையாது, சக்கரம் கிடையாது. ஆனால் ஒருவர் உட்கார்ந்து கைநீட்டினால் தொடக்கூடியது எல்லாம் இருந்தது: ஸ்டியரிங், கியர், கண்ணாடி, கதவுகள், சீட். பேட்டரியிலிருந்து இரண்டு கம்பி உள்ளே போயிருந்தது. கூரையை யாரோ கையால் தூக்கி மடித்து வைத்திருந்தார்கள். பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை.

ஆர்டிஸ் குள்ளமான பெண்மணி, லீலண்டின் சட்டையாக இருக்க வேண்டும், முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார்.

"வந்துட்டோம் மேடம்னு சொல்லாத. நான் என்ன பள்ளிக்கூடமா நடத்துறேன்? ஆர்டிஸ்னு கூப்பிடு. ரூடி, நீ தூரமா நில்லு. போன தடவை என் பூந்தொட்டிய ஒடச்ச."

"அது நான் இல்ல, என் முதுகு," என்றான் ரூடி.

நான் குனிந்து கம்பிகளைக் கையில் எடுத்தேன். பச்சை, பழுப்பு. மாற்றிப் போட ஒரு நிமிஷம் கூட ஆகாது. ரூடி எனக்கும் ஆர்டிஸுக்கும் நடுவில் வந்து நின்று, பூந்தொட்டியைப் பற்றி எதையோ வளர்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு வருஷமா எல்லாரும் எனக்குப் பிடிச்சதையே சொல்றாங்க," ஆர்டிஸின் குரல் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. "பாஸ்டர், என் தங்கச்சி, எல்லாரும். சீட் ஏன் மேல ஏறுதுன்னு கேட்டா, மூச்சு விட மேல வந்திருப்பார்ங்கறாங்க. அதுவும் எனக்குப் பிடிச்சதுதான்."

கம்பிகளை அதனதன் இடத்திலேயே செருகி, பொத்தானை ஓட்டையில் வைத்துத் திருகினேன்.

"ஆர்டிஸ், நான் சொன்னது பொய்," என்றேன். "அது திறக்கல. மூடுது."

ரூடி வாயை மூடிக்கொண்டான். ஆர்டிஸ் சட்டைக் கையை இன்னும் ஒரு சுற்று மடித்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

"அப்ப கூரை திறந்த வண்டியில தண்ணிக்குப் பக்கத்துல போயி, மூடியிருக்கான்."

"ஆமா."

"படம் எடுக்கப் போறேன்னு சொன்னான். உங்க தவளைக் காலண்டருக்கு. கேமரா உறையை விட்டு வெளிய வரவே இல்ல." கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்தார். "ஏறி உக்காரு. நான் வெளியிலேருந்து பாக்கணும். கரையில யாராவது நின்னிருந்தா என்ன பாத்திருப்பாங்களோ, அதை."

எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் ஏறினேன். சீட் காய்ந்துதான் இருந்தது, தோல் கொஞ்சம் விறைத்திருந்தது. கியர் பார்க்கில் இருந்தது. ஆர்டிஸ் பேட்டரி இணைப்பை முடுக்கினார். டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

"ஆள் பாத்து வேலை செய்யும் போல," என்றான் ரூடி.

அப்போது சீட் ஏறத் தொடங்கியது.

மெதுவாகத்தான் ஏறியது. சீட்டுக்கு அடியில் மோட்டார் முனகியது. தரையிலிருந்து என் கால் எழும்பியது. ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். சிமென்ட் தரை, கொஞ்சம் மரத்தூள், வேறொன்றுமில்லை. ஆனால் இடது பக்கம் கை தொங்கிய இடத்தில் சீட்டின் பொத்தான் இருந்தது, என் கை அதை மேல்நோக்கிப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தேன் என்று தெரியாது. வலது கையைப் பார்த்தேன். அதன் கட்டைவிரல் கூரைப் பொத்தான் மேல் இருந்தது.

பின்னாலிருந்து கூரை எழுந்தது. கராஜ் வெளிச்சம் குறுகியது.

"சரி, பாத்துட்டேன். எறங்கு," என்றார் ஆர்டிஸ்.

கேட்டது. நன்றாகவே கேட்டது. அதிலெல்லாம் குழப்பமில்லை. விரலை எடுத்தால் பாதியில் நின்றுவிடும் என்பது மட்டும்தான் என் மண்டையில் இருந்தது. இன்னும் கொஞ்சம்தான். பாதிக்கு மேல் வந்துவிட்டது.

"வெண்டல், எறங்குன்னு சொன்னேன்."

"டேய், கையை எடுடா!" ரூடி கதவைப் போட்டு இழுத்தான். கதவு பூட்டியிருக்கவில்லை, வெளிக் கைப்பிடிதான் துரு ஏறி இறுகியிருந்தது. உள்ளேயிருந்து கைப்பிடியைத் தூக்கினால் திறந்துவிடும். தூக்க எனக்குக் கை இல்லை. ஒன்று சீட்டில், ஒன்று கூரையில். ரூடி இழுத்த வேகத்தில் வெளிக் கைப்பிடி அவன் கையோடு வந்துவிட்டது.

ஆர்டிஸ் எண்ணிக்கொண்டிருந்தார். சத்தமாக, நிதானமாக. பதினேழு. பதினெட்டு. அவர் கதவுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து என் முகத்தைப் பார்த்தபடி எண்ணினார். இருபத்தொன்று. இருபத்திரண்டு.

கூரை முன் கண்ணாடியில் வந்து உட்கார்ந்து பூட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் வந்ததும் எனக்குள் ஒரு திருப்தி. உண்மையைச் சொல்கிறேன், திருப்திதான். அதற்கு அப்புறம்தான் விரல் பொத்தானை விட்டு வந்தது. அப்புறம்தான் பயமும் வந்தது.

கைப்பிடியைத் தூக்கிக் கதவைத் திறந்தேன். ஆர்டிஸ் விலகவில்லை.

"நான் கூப்பிட்டது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"ஏன் எறங்கல?"

"மூடி முடிக்கல."

"அந்த நேரத்துல என்ன நெனச்ச? எனக்குப் பிடிச்சதைச் சொல்லாத."

யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "சீட் நனையக் கூடாதுன்னு."

"இங்க ஏதுடா தண்ணி?" என்றான் ரூடி, உடைந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. பதில் எதிர்பார்த்து அவன் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது, அவனுக்குப் புரிந்துவிட்டது. தவளை வைத்திருக்கும் யாருக்கும் புரியும். பின் சக்கரம் பாசியில் வழுக்குகிறது, பின்னாலிருந்து தண்ணீர் ஏறுகிறது, கதவைத் திறந்து குதித்தால் முழங்கால் ஆழம். குதித்திருக்கலாம். தோல் சீட்டை விட்டுவிட்டு யார் குதிப்பார்கள்?

ஆர்டிஸ் கராஜ் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அவனுக்கு நல்லா நீச்சல் தெரியும்," என்றார். "அப்ப, என்னை விட்டுட்டுப் போகணும்னு அவன் நெனைக்கல."

"இல்ல."

"என்னை நெனைக்கவே இல்ல."

பொய் சொல்ல ஒரு இடம் இருந்தது. "இல்ல," என்றேன்.

தலையை ஆட்டினார். ஒரு தடவை சிரித்தார், மூக்கால் காற்று விட்ட மாதிரி. பிறகு குனிந்து பேட்டரிக் கம்பியைக் கழற்றினார். சிவப்பு விளக்கு அணைந்தது.

"மூணு வருஷம் இதைப் பொறுக்கிச் சேத்தேன்," என்றார். "இன்னைக்கே பிரிச்சு எடுத்துட்டுப் போங்க. எதுவும் இங்க இருக்கக் கூடாது. ஏரியில போட்டாலும் சரி."

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் நின்றோம். வெளியே ஏரியில் யாரோ படகு மோட்டாரை இழுத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை.

ரூடி தொண்டையைச் செருமினான். என்னைப் பார்க்காமல், சீட்டின் தோலை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினான்.

"ஏரியில எல்லாம் யாராவது போடுவாங்களாடா," என்றான்.

பொத்தானின் ஒரு பக்கத்துத் திருகை நான் ஏற்கனவே தளர்த்தியிருந்தேன்.