கருத்தப்பாண்டி நேராக்கிய படம்

நோகாமல் நொங்கு தின்கிறவனுக்கு மாலை, வெயிலில் மரம் ஏறினவளுக்கு வசவு. இதுதான் உலக வழக்கம் என்றால் அந்த வழக்கத்தில் தீயை வைக்க. 2007 ஏப்ரலில், விருதுநகர்ப் பக்கத்துப் பாலிடெக்னிக் ஒன்றில் ரோஜா கொதித்துப்போய் நின்றது இதனால்தான்.

அது அவளுக்குக் கடைசி வருஷம். ஆளுக்கொரு புராஜெக்ட் செய்து காட்ட வேண்டும், வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து மார்க் போடுவார். அதில் கோட்டைவிட்டால் டிப்ளமா இல்லை. துறைத் தலைவர் சங்கரபாண்டியன் ஆறு மாதத்துக்கு முன்பே வகுப்பில் ஆளுக்கொரு விசிட்டிங் கார்டு கொடுத்தார். மதுரையில் அவருடைய மச்சினன் நடத்துகிற புராஜெக்ட் சென்டர்.

"பணத்தைக் கட்டுங்க, பெட்டியும் ரிப்போர்ட்டும் வந்துரும். சொந்தமா செய்றேன்னு கிளம்பினவன் எவனும் பாஸானதில்ல" என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். ரோஜா மட்டும், "நானே செஞ்சிக்கிறேன் சார்" என்றாள்.

"உனக்கு என்னம்மா தெரியும்?"

நெஞ்சைத் தொட்டுச் சொன்னால், அன்றைக்கு அவளுக்கு ஒன்றும் தெரியாது. மைக்ரோகன்ட்ரோலர் படத்தைப் பரீட்சையில் நாற்பது கால்களோடு வரைந்திருக்கிறாள், அந்தச் சிப்பைக் கையால் தொட்டதில்லை. மூன்று வருஷம் ஃபீஸ் கட்டின பிள்ளை தொடவில்லை! லேப் எப்போதும் பூட்டியிருக்கும். சாவி கேட்டால், "உடைச்சிருவீங்க" என்பார்கள்.

மதுரையில் சிப் வாங்கி வந்தாள். முதல் சிப்புக்கு பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்துச் சுட்டுவிட்டாள். கரிந்த வாடையில் அழுகை வந்தது. இரண்டாவது சிப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கை மினுக்க வைக்கப் பதினோரு நாள் ஆயிற்று. விளக்கு மினுக்கிய சாயங்காலம், அம்மா சோலையம்மாள் பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்தாள். முழங்கை வரைக்கும் அலுமினியப் பொடி மின்னியது.

"இந்தப் பொட்டு வெளிச்சத்துக்காகவா இம்புட்டு நாளு சோறு தண்ணி இல்லாம கெடந்த?"

"ஆமாம்மா."

"சரி, இன்னொரு தடவ மினுக்கு, பாப்போம்" என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மாவுக்குக் கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்துகிற வேலை. சித்திரை வெயிலில் அறை காந்தும்போது பெண்கள் எழுந்தால், "எங்க சூடு? இன்னும் ஒரு தட்டு முடிச்சிட்டுப் போங்க" என்பான் ஃபோர்மேன். சூடு எம்புட்டு என்று அங்கே யாருக்கும் தெரியாது. அதைச் சொல்வதற்குத்தான் ரோஜா பெட்டி செய்தாள். அறைக்கு வெளியே தள்ளி நிற்கிற பெட்டி, உள்ளே விட்ட சென்சார் சொல்கிற சூட்டை எண்ணில் காட்டும், நாற்பது டிகிரியைத் தாண்டினால் பஸ்ஸர் கத்தும்.

புரோகிராம் முடிந்தது, சிப்பை உட்கார்த்துகிற சர்க்யூட் பலகை பாக்கி. செம்புத் தகட்டில் கோடுகளை மையால் அச்சடித்து, கரைசலில் போட்டு மற்ற செம்பை அரித்தெடுக்க வேண்டும். அச்சுக்கு அவள் ஊரான சிவகாசியில் பஞ்சமா? பக்கத்து வீட்டுக் கருத்தப்பாண்டி முப்பது வருஷமாகக் காலண்டர் அட்டைக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் அடிக்கிறவர். "குடு தாயி, சும்மா அடிச்சுத் தாரேன்" என்று கோடுகளின் படத்தை வாங்கிப் போனார்.

அந்தக் கோடுகள் இருக்கிற செம்பு பலகையின் அடிப்பக்கம் வரும், சிப் மேலே உட்காரும். ஆகவே படம் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறித்தான் இருக்க வேண்டும். ரோஜா அப்படித்தான் கொடுத்தாள். ஓரத்தில் ஆசையாகப் போட்டிருந்த அவள் பெயரும் கூடவே திரும்பியிருந்தது.

பலகை வந்தது. கோடுகள் தலைமுடி மாதிரி சுத்தம். அரித்து, துளை போட்டு, சிப்பை வைத்த பிறகுதான் இடது கால்கள் வலதிலும் வலது கால்கள் இடதிலும் இருப்பது தெரிந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போயிற்று. தேர்வுக்கு ஒருநாள்தான் இருந்தது.

"என்ன மாமா செஞ்சீக?" என்று ஓடினாள்.

"ஒம் பேரு திரும்பியில்ல இருந்துச்சு தாயி! புள்ள அவசரத்துல மாத்திக் குடுத்திருச்சுன்னு நாந்தேன் நேராக்கினேன். எங் கையில ஒரு எழுத்து திரும்பி வெளிய போனதில்ல" என்றார் பெருமையாக. விஷயம் புரிந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். இவரை எப்படித் திட்டுவது?

வீட்டுக்கு வந்து பலகையையே திருப்பிப் போட்டாள். மேலே உட்கார வேண்டிய சிப்பைச் செம்புப் பக்கமே வைத்து, கிடைத்த இடுக்கில் ஈயம் வைத்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் எண் எரிந்தது, பஸ்ஸர் கத்தியது.

தேர்வன்று லேப்பில் மேசை மேசையாகப் பளபளவென்று கண்ணாடிப் பெட்டிகள். தேர்வாளர் ரோஜாவின் பலகையைத் தூக்கிப் பார்த்தார்.

"சிப் தப்பான பக்கத்துல இருக்கே. யாரும்மா செஞ்சது?"

"நாந்தேன் சார்."

"அதான் பார்த்தாலே தெரியுதே" என்றார் சங்கரபாண்டியன். பின்னால் சிரிப்பு எழுந்தது. தேர்வாளர் அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

ரோஜா குறுக்கே போய் நின்றாள். ஒரு கம்பிகூடத் தொடாதவர்கள் சிரிப்பதா? "சார்! எம் பெட்டி அசிங்கந்தேன். ஆனா எதை மாத்தச் சொன்னாலும் இங்கனயே மாத்துறேன். அவுகளையும் மாத்தச் சொல்லுங்க!"

"ஏய், யார்ட்ட பேசுறேன்னு தெரியுதா?" என்று பாய்ந்தார் சங்கரபாண்டியன். தேர்வாளர் கையமர்த்தினார்.

"நாப்பதுல கத்துறதை முப்பத்தஞ்சுல கத்த வையி."

ரோஜா தானே செய்த கேபிளைக் கம்ப்யூட்டரின் பின்னால் செருகினாள். ஓர் எண்ணை மாற்றினாள், சிப்பில் ஏற்றினாள். நாலு நிமிஷம். லேப்பின் சூடு முப்பத்தேழு என்று காட்டி, பஸ்ஸர் வீறிட்டது.

தேர்வாளர் பக்கத்து மேசை முனியராஜிடம் திரும்பினார். "ஒன் பெட்டியில என்ன சிப்புப்பா?"

முனியராஜ் மூடியைத் திறந்து குனிந்தான். என்ன சிப் என்று தெரிந்துவிடாதபடி, அதன் முதுகில் இருந்த நம்பரை யாரோ சுரண்டியெடுத்திருந்தார்கள். "இப்படியேதான் வந்துச்சு சார்" என்றான்.

அடுத்த மேசையிலும் சுரண்டிய சிப். அதற்கடுத்ததிலும். தேர்வாளர் சங்கரபாண்டியனிடமிருந்து மார்க் தாளை வாங்கினார். எல்லோருக்கும் முன்கூட்டியே பென்சிலில் மார்க் போட்டிருந்தது. ரோஜாவுக்குப் பாஸாக இரண்டு குறைவு. அவர் ரப்பரை எடுத்து மேலிருந்து கீழ்வரை அழித்தார். ரோஜாவின் பெயருக்கு நேரே மட்டும் பேனாவால் தொண்ணூற்றிரண்டு எழுதினார். "மத்தவங்க ஒவ்வொருத்தரா வந்து ஒரு எண்ணை மாத்திக் காட்டட்டும்" என்றார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. பஸ்ஸர் மட்டும் விடாமல் கத்தியது. சங்கரபாண்டியன் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "அந்தச் சனியனை முதல்ல நிறுத்துடி!" என்று கத்தினார்.

"நான் நிறுத்த மாட்டேன் சார். ஒங்க ரூம்பு சூடு எறங்குனா அதுவா நிக்கும்" என்றாள் ரோஜா.