நழுவாத முடிச்சு

வனத்துறை அலுவலர் வருவதாகச் சொன்ன திங்கட்கிழமை வந்து போய்விட்டது. பிறகு தள்ளிச் சொன்ன வியாழக்கிழமையும் பாதி போயிருந்தது. இரண்டு நாளும் ஹாரிகா விடிந்ததும் உக்கடத்தில் பஸ் ஏறி, கருமத்தம்பட்டியில் இறங்கி, நிலத்துக்கு நடந்து வந்தாள். வேலியோரம் போவாள், திரும்புவாள். உட்கார முடியவில்லை.

இரண்டு ஏக்கர், அறுநூறு கன்றுகள். குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் சொந்த நிலத்தில் காடு வளர்ப்பவர்களுக்கு அரசு கொடுக்கும் மானியத்தில் போன ஐப்பசியில் நட்டவை. ஒரு வருடம் கழித்து நூற்றுக்கு எண்பது கன்றாவது தானாக நிமிர்ந்து நிற்க வேண்டும். நின்றால் பதினைந்து வருடத்துக்கு அந்த நிலத்தை யாரும் மனை பிரித்து விற்க முடியாது. நிற்காவிட்டால் அண்ணன் சாய்குமார் விற்றுவிடுவான். நிலம் இருவர் பெயரிலும் இருந்தது. அவன் கொடுத்த தவணை அந்த ஒரு வருடம்தான்.

பொழுது போகாமல் ஒரு புங்கங்கன்றின் தண்டில் விரலை ஓட்டியபோதுதான் தெரிந்தது. கட்டியிருந்த நூல் பட்டைக்குள் புதைந்திருந்தது. அடுத்த கன்றிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

ஆனியில் பாலக்காட்டுக் காற்று தொடங்கியபோது, காற்றுக்கு நேராக இருந்த பின் ஏக்கர் கன்றுகளை மூங்கில் குச்சியோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தவர்கள் பக்கத்து லைன் வீடுகளில் இருக்கும் விசைத்தறிப் பெண்கள். கையில் இருந்த பாலியெஸ்டர் நூலால், கைக்குப் பழகிய முடிச்சால். தறியில் இழை அறுந்தால் போடுகிற முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகும்.

ஹாரிகா அவர்களில் ஒருத்தியான ராசாத்தாளைக் கூப்பிட்டுக் காட்டினாள். தலையில் பஞ்சுத் தூசியோடு வந்த ராசாத்தாள் குனிந்து பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பருத்தி நூலா இருந்தா இந்நேரம் இத்துப் போயிருக்குமுங்க அம்மணி. இப்ப எந்தத் தறியில பருத்தி ஓடுது? எம்முடிச்சு நழுவிப்போச்சுன்னு மொதலாளி ஒருநாளும் சொன்னதில்லீங்க. அந்தப் பெருமைதான் மரத்துக் கழுத்த நெரிக்குது, பாருங்க."

"அறுத்துரலாமா அக்கா?"

"ஒண்ண அறுத்துப் பாருங்க."

நூல் வெட்டும் சின்னக் கத்திரியால் ராசாத்தாளே அறுத்தாள். பஸ்ஸில் தூங்குகிறவரின் தலை பக்கத்தில் இருப்பவர் தோளில் சாய்வதுபோல, கன்று மெதுவாகச் சாய்ந்தது. நாலு மாதம் குச்சியைப் பிடித்து வளர்ந்தது, தனியாக நிற்கப் பழகவே இல்லை.

"ஆபீசரம்மா வந்துட்டுப் போகட்டுங்க. அப்புறம் அறுத்துக்கலாம்" என்றாள் ராசாத்தாள்.

ஹாரிகா அலுவலர் சமீராவுக்குப் போன் செய்தாள். "மீட்டிங் மேல மீட்டிங்ங்க. புதன்கிழமை கண்டிப்பா வாரேன்" என்றார் அவர்.

இன்னும் ஆறு நாள். நுனி இலைகள் ஏற்கெனவே மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. புதன்கிழமை அடுத்த திங்களாகவும் ஆகலாம். ஹாரிகா வேலியோரம் இரண்டு முறை நடந்தாள். கட்டு இருந்தால் கன்று நிற்கும், பிழைக்காது. அறுத்தால் பிழைக்கும், நிற்காது. மூன்றாவது முறை நடக்கவில்லை. ராசாத்தாள் கையிலிருந்து கத்திரியை வாங்கிக்கொண்டாள். பின் ஏக்கர் முழுக்க அறுத்து முடிக்க ஞாயிறு ஆகிவிட்டது.

புதன்கிழமை சமீரா வந்தார். பெருந்துறையிலிருந்து சாய்குமாரும் வந்திருந்தான். முன் ஏக்கரில் வேம்பும் நாவலும் விறைப்பாக நின்றன. சமீரா எண்ணிக்கொண்டே பின்னால் போனார். போனவர் நின்றுவிட்டார்.

டீ நேரத்துக்குத் தறியை நிறுத்திவிட்டு நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். ஆளுக்கு இரண்டு கன்று. இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பதுபோல நின்றார்கள்.

"எழுதிக்குங்க மேடம். எல்லாம் நிக்குதுங்க" என்றாள் ராசாத்தாள்.

"நீங்க நிக்கறீங்கம்மா. மரம் நிக்கல."

"நாங்க பன்னெண்டு மணி நேரம் நிக்கறவங்க. எங்களையும் சேத்து எண்ணிப்போடுங்க."

சமீராவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் தானாக நிற்காத கன்று ஒன்றையும் கணக்கில் சேர்க்கவில்லை. அறுநூறில் நானூற்று முப்பது. ஐம்பது குறைந்தது.

"கட்டு இருந்தப்பவே நான் வந்திருந்தா, காத்துக்குக் கட்டினதுன்னு நெனச்சு பாஸ் போட்டிருப்பேன்" என்றார், தண்டிலிருந்த தழும்பைத் தடவியபடி. "அடுத்த வருசம் இங்க ஒண்ணும் இருந்திருக்காது. தளர்வாக் கட்டி விடுங்க, ஆடி ஆடித் தானா நிக்கப் பழகும். தை மாசம் மறுபடி பாக்கறேன். ஆனா மறு ஆய்வுக்கு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."

ஹாரிகா அண்ணனைப் பார்த்தாள்.

"ஒரு வருசம்னு சொன்னேன்ல ஹாரி?"

"மூணே மாசம்ண்ணா."

"நீ மூணு மாசம்ப, மரம் முப்பது வருசம்ங்கும்." அவன் சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "ரோட்டோரம் இருக்கற முன் ஏக்கர எம்பேருக்கு விட்டுரு. அத நான் வித்துக்கறேன். பின்னாடிய நீயே வெச்சுக்க. அப்படின்னா போடறேன்."

நின்ற மரங்களில் பெரும்பகுதி முன் ஏக்கரில்தான் இருந்தன. சமீரா அதைச் சொல்ல வாயெடுத்தவர், ஹாரிகாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு சொன்னார். "ஒரு ஏக்கர் இருந்தாலே விதிப்படி போதும்ங்க. ஆனா தைக்குள்ள பின்னாடி இருக்கற முந்நூறுல இருநூத்தி நாப்பதாவது நிக்கணும். இப்ப நிக்கறது நூத்திச் சில்லறைதான்."

ஹாரிகா முன்பக்கத்து வேம்புகளைப் பார்க்கவில்லை. பார்த்தால் பதில் மாறிவிடும்.

"எடுத்துக்கங்கண்ணா."

சாய்குமார் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. கார் பானட்டில் தாளை வைத்து, கொஞ்சம் தயங்கி, கையெழுத்துப் போட்டான்.

அந்தப் பக்கம் ஒரு தறி ஓடத் தொடங்கியது. பிறகு இன்னொன்று. "நேரமாச்சுங்க அம்மணி, வாரோம்" என்று பெண்கள் ஒவ்வொருவராகக் கையை எடுத்துவிட்டு ஓடினார்கள். அவர்கள் விட்ட வரிசையிலேயே கன்றுகள் சாய்ந்தன.

ராசாத்தாள் மட்டும் ஒரு நிமிடம் நின்று, இடுப்பில் செருகியிருந்த துணிக் கிழிசலை உருவி, ஒரு கன்றைச் சுற்றி, இரண்டு விரல் நுழையுமளவு இடம் விட்டுக் கட்டிக் காட்டினாள். முடிச்சு கோணலாக இருந்தது.

"இப்படிக் கட்டறதுக்கு கையே வரமாட்டேங்குதுங்க" என்று சொல்லிவிட்டு அவளும் ஓடினாள்.

ஹாரிகா அடுத்த கன்றை நிமிர்த்தினாள். அதைக் கட்டி முடிக்கும் முன்பே அவள் கண் அதற்கடுத்ததற்குப் போய்விட்டது.